வெறுமடல்

விசாரணையன்று அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மேசையின் தலைமாட்டில், துறைமுகம் தெரிகிற சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆழ்கடல் தொழிலாளர் நல வாரியத்தின் இணை ஆணையர் குணசீலன். அவருக்கு வலப்பக்கம் பொறியாளர் ஹர்ஷிதா. வாரியத்தின் மடல்களைப் பிரித்து அனுப்பும் நிரலை எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் சார்பில், காலை ரயிலில் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். இடப்பக்கம் மனுதாரர் அமலோற்பவி. ஐஸ் ஆலையில் மேற்பார்வை வேலை. அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலி. காலி என்றும் சொல்ல முடியாது, அதில் ஒரு கறுப்புக் கைப்பை இருந்தது. அதற்கடுத்த நாற்காலியில் கைப்பைக்கு உரியவர், அமலோற்பவியின் அத்தை பிலோமி. கதவோரம், மேசையோடு ஒட்டாமல், நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டுத் தணிக்கை அலுவலர் பொன்சுயம்பு. மேசையின் கால்மாட்டில், குறிப்பெடுக்க, கடிதப் பிரிவு எழுத்தர் தங்கபுஷ்பமாகிய நான்.

என் கணவர் ஜெபசிங்கும், அமலோற்பவியின் அப்பா இருந்த ஆழ்கடல் நிலையத்தில்தான் வேலை பார்க்கிறார். அதனால் இந்த விசாரணையில் நான் உட்காரலாமா என்று குணசீலன் சாரிடம் முன்கூட்டியே கேட்டேன். "நீங்க எழுதத்தானே போறீங்க, தீர்ப்பா சொல்லப் போறீங்க?" என்றார்.

மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ ஒரு கப்பல் விடாமல் ஊதியது.

"மனுவை நீங்களே சுருக்கமா சொல்லிடுங்கம்மா" என்றார் குணசீலன்.

அமலோற்பவி எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். உடனே மறுபடி எழுந்தாள்.

"எங்கப்பா தொம்மை கொரைரா. கீழ நிலையத்துல குழாய் வெல்டிங். போன மாசம் அங்கயே மாரடைப்புல தவறிட்டாங்க. எங்கம்மா ரெஜினா. நான் பத்தாவது படிக்கும்போது வீட்டை விட்டுப் போயிட்டாங்க."

"போயிட்டாங்கன்னு மொட்டையாச் சொல்லாதட்டி. ஏன் போனான்னும் சொல்லு" என்றார் பிலோமி.

"உங்க கூட இருக்க முடியாம போனாங்க அத்தை. அதைச் சொல்லணுமா?"

குணசீலன் மின்விசிறியைப் பார்த்தார். "மேல சொல்லுங்க."

"அம்மா இப்ப நாகர்கோவில்ல ஒரு இல்லத்துல இருக்காங்க. மூச்சிழுப்பு நோய். அந்த இல்லத்தை இந்த மாசத்தோட மூடுதாங்க. பிறகு எந்த ஊருக்கு அனுப்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியலை. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரட்டுமான்னு அப்பாட்ட மனமடல்ல கேட்டேன். வீடு அப்பாவுக்கும் அத்தைக்கும் பொது. அப்பா சரின்னா நானும் சரின்னு அத்தை சொல்லியிருந்தாங்க."

"சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்லுதேன். எங்கண்ணன் பதில் அனுப்பிட்டான். வெறுமடல். அதுக்கு மேல என்ன விசாரணை?"

இதைப் படிப்பவர்கள் எல்லோரும் துறைமுகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள் என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டும்.

கடலுக்கடியில் அத்தனை ஆழத்தில் நம் காற்றைச் சுவாசித்தால் மயக்கம் வரும். அதனால் ஹீலியம் கலந்த காற்றில்தான் மாதக்கணக்காக இருக்கிறார்கள். அந்தக் காற்றில் பேசினால் குரல் வாத்து கத்துவதுபோல் ஆகிவிடும். ஆரம்பத்தில் தொலைபேசி கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் சிரித்தன, பெண்கள் அழுதார்கள். ஆண்கள் பேசுவதையே விட்டுவிட்டார்கள். பிறகு வந்ததுதான் மனமடல். நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு நினைத்தால் போதும். நினைத்தது, பார்த்தது, அப்போது நெஞ்சில் இருந்த கோபம், பிரியம் எல்லாம் அப்படியே பதிவாகும். வீட்டில் இருப்பவர் இன்னொரு பட்டையைக் கட்டிக்கொண்டு அதைத் திறப்பார். ஆளுக்கு மாதம் ஒன்று. சொந்த விஷயத்துக்கு வேறு வழியை யாரும் நாடுவதில்லை.

இரண்டாவது விஷயம், வெறுமடல். மாதத்துக்கு ஒன்றே ஒன்று என்கிறபோது அதை வெறுமையாக அனுப்பினால் என்ன பொருள்? உனக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, இனி நீ யாரோ, நான் யாரோ. சட்டத்தில் இப்படி எங்கும் எழுதவில்லை. எங்கள் தெருக்களில் தானாக வந்த வழக்கம் இது. வெறுமடல் வந்த பெண் அடுத்த மாதம் பட்டையைக் கழற்றி வாரியத்தில் ஒப்படைத்துவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அமலோற்பவி அப்பாவின் சவப்பெட்டியை வாங்கத் துறைமுகத்துக்குப் போகவில்லை. வெறுமடல் வாங்கியவள் போகக்கூடாது. பிலோமிதான் போனார்.

ஹர்ஷிதா மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். "சார், ஒரு மடல்ல மூணு பகுதி இருக்குதுங்க. ஹெடர், பாடி, அட்டாச்மென்ட். இவங்க கேஸ்ல ஹெடர் சரியா வந்திருக்கு. அட்டாச்மென்ட் வந்திருக்கு. பாடிதான் வந்து சேரலைங்க."

அமலோற்பவியின் முகம் சுருங்கியது. அவள் வாங்கப் போகாத பெட்டிதான் அந்தச் சொல்லில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

"அம்மா, தமிழ்லயே சொல்லுங்க" என்றார் குணசீலன் மெதுவாக.

"சாரிங்க." ஹர்ஷிதாவுக்குக் காது சிவந்துவிட்டது. "கவர்ல போடற லெட்டர்னு வெச்சுக்கங்க. கவர் மேல யார்கிட்டருந்து, யாருக்கு, என்னிக்கி போட்டதுன்னு இருக்குமில்லீங்களா? அது முகப்பு. உள்ள எழுதியிருக்கறது உள்ளுரை. கூடவே ஒரு போட்டோ, ஒரு படம் வெச்சா அது இணைப்பு. எங்க நிரல் முகப்பை மட்டும் படிச்சு, இது இந்த வீட்டுக்கு, அது அந்த வீட்டுக்குன்னு பிரிச்சு அனுப்பும். உள்ளுரையைத் தொடாது. தொடக்கூடாதுங்க."

"தொட்டா என்ன?" என்றார் பிலோமி.

"தொட்டா கரைஞ்சிருங்க. முன்னாடி ஒரு கும்பல் மத்தவங்க மனமடலை நகலெடுத்து வித்தாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா? அந்தக் கலாட்டாக்குப் பிறகுதான் ஒருவாசிப்புச் சட்டம் வந்தது. உள்ளுரையை ஒரே ஒரு தடவைதான் திறக்க முடியும். திறந்தவங்க மனசுல போயிரும். மடல் வெறுமையாயிரும். இணைப்பு அப்படியில்லை, எத்தனை தடவை வேணாலும் பார்க்கலாம்."

"அதையேதான் நானும் சொல்லுதேன். எங்கண்ணன் உள்ள ஒண்ணும் வைக்கலை."

"வெச்சிருக்காருங்க."

பிலோமியின் கையிலிருந்த ஜெபமாலை நின்றது.

ஹர்ஷிதா திரையில் ஒரு வரியைக் காட்டினார். "மடல் கிளம்பும்போதே அதோட எடை முகப்புல பதிவாயிருங்க. இதைப் பாருங்க. இவங்கப்பா அனுப்பினது பெரிய மடல். வழக்கமா அவர் அனுப்பறதை விடவும் பெருசு. கிளம்பும்போது நிறைஞ்சிருந்தது, இவங்க வீட்டுக்குப் போகும்போது ஒண்ணுமில்லை."

"நடுவுல என்ன ஆச்சு?" என்று குணசீலன் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கையிலிருந்த பேனாவை மூடித் தள்ளி வைத்தார்.

"ஈஸ்டர் சமயம் கீழ வேலைநிறுத்தம் நடந்துச்சில்லீங்களா? அதுக்கப்புறம் நிரல்ல ஒரு சோதனைப்படி சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்துச்சுங்க. ஒவ்வொரு மடலையும் நிரல் படிச்சுப் பாக்கணும். கலகப் பேச்சு இல்லைன்னா அனுப்பணும். ரெண்டே வரி. நான்தான் எழுதினேன்."

"யாரு உத்தரவு?" என்றாள் அமலோற்பவி.

ஹர்ஷிதா குணசீலனைப் பார்த்தார். குணசீலன் என்னைப் பார்த்தார். "புஷ்பம் மேடம், இது குறிப்புல வரணும்னு அவசியம் இல்லை."

"எழுதிட்டேன் சார்."



"சோதிச்சுப் பாக்காமலா சேர்த்தீங்க?" என்று குணசீலன் ஹர்ஷிதாவிடம் கோபத்தைத் திருப்பினார்.

"பாத்தோம் சார். ஆனா சோதிக்கறதுக்கு நிஜ மனமடல் தர சட்டம் இடம் கொடுக்காதுங்க. சாதா மடலை வெச்சுப் பாத்தோம். சாதா மடலை எத்தனை தடவை படிச்சாலும் அப்படியே இருக்கும். எல்லாம் பாஸாச்சு." அவர் குரல் தேய்ந்தது. "படிச்ச பிறகு கையில எதுவும் மிஞ்சாதுன்னு எங்களுக்கு… தெரியும்ங்க. தெரிஞ்சும் தோணலை."

"அப்ப எங்கப்பா மடல் மட்டும் இல்லையா?"

"அந்தப் படி சேர்ந்ததுலருந்து போன எல்லா மடலும்ங்க."

கப்பல் ஊதுவது நின்றிருந்தது. என் பேனா தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மை பரவியது.

"எல்லாமா? ஒரு புகார்கூட வரலையேம்மா!" என்றார் குணசீலன். "நூத்துக்கணக்கான குடும்பம். ஒருத்தர்கூடவா வந்து கேக்க மாட்டாங்க?"

பிலோமி சிரித்தார். சந்தோஷமான சிரிப்பில்லை. "எப்படி வருவா? புருசன் எனக்கு வெறுமடல் விட்டுட்டான்னு எவ வாரியத்து வாசல்ல வந்து நின்னு சொல்லுவா? மீன் கடையில நின்னாலும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பாக்காமத்தானே வாங்கிட்டு வாரோம் இப்பல்லாம். நான் நெனச்சேன், எங்க வீட்டுக்குத்தான் இந்தக் கேவலம்னு."

குறிப்பெடுப்பவர் விசாரணையில் பேசக்கூடாது. ஆனாலும் கேட்டேன். "மேலேருந்து கீழ போனதும் அப்படித்தானா?"

ஹர்ஷிதா என் பக்கம் திரும்பினார். "ஆமாங்க மேடம். ரெண்டு திசைக்கும் ஒரே வழிதான். இவங்க கேட்ட கேள்வி அந்தப் படி சேர்றதுக்கு முன்னாலயே போயிருச்சு. அதனாலதான் அவருக்கு அது கிடைச்சது. அதுக்கப்புறம் இங்கிருந்து போனது எல்லாம் கீழயும் வெறுமையாத்தான் போயிருக்கும்."

குணசீலன் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

அமலோற்பவி உட்காரவே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரி. மெஷின் படிச்சுருக்கு. அப்ப மெஷின்ட்ட கேளுங்க. அப்பா சரின்னாரா, வேண்டாம்னாரா? எனக்கு அது மட்டும் போதும்."

"மெஷின் எதையும் வெச்சுக்காதுங்க. கலகம் உண்டு, இல்லை. அது ஒண்ணைத்தான் குறிச்சு வைக்கும்." ஹர்ஷிதா தயங்கினார். முகப்பின் கடைசி வரிகள்மேல் அவர் விரல் நகர்ந்தது. "ஆனா இதுல இன்னொரு முத்திரை இருக்குதுங்க. உணர்ச்சி அளவுக்கு மேல போனா நிரல் அதை நிறுத்தி வெச்சு ஆள்கிட்ட அனுப்பிரும். மெஷின் உள்ளுரையோட மேல்வரியைத்தான் கரைச்சிருக்கு. மீதி முழுசும் ஆள் படிச்சது. தணிக்கை அலுவலர்…"

அவர் பெயரைப் படிப்பதற்குள் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பிவிட்டோம்.

பொன்சுயம்புவின் வலதுகால் காலையிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. இப்போது நின்றது.

"நான்தான் படிச்சேன்" என்றார். "அன்னைக்கி அம்பது அறுபது மடல் வந்துது சார். எல்லாத்தையும் படிச்சுட்டு மறந்துரணும், அதுக்குத்தான் சம்பளம். மறந்துட்டும் இருக்கேன். இது மட்டும் போக மாட்டேங்கு. படிச்சு முடிச்சா அவுங்களுக்கு அப்படியே போயிரும்னுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. வெறுமையாப் போவும்னு யாரும் சொல்லலை."

"அண்ணே." அமலோற்பவி மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் நடந்தாள். "அண்ணே, ஒரே ஒரு சொல்லு. ஆமாவா, இல்லையா?"

"பொன்சுயம்பு, வாயைத் திறக்காதீங்க" என்று குணசீலன் எழுந்தார். "சட்டம் தெரியுமில்ல? உள்ளுரையை வெளிய சொன்னா வேலை மட்டும் போகாது, ஜெயில். நானே உங்க மேல புகார் எழுதியாகணும். அம்மா, நீங்க வந்து உட்காருங்க. அவருக்குச் சங்கடம் கொடுக்காதீங்க."

"எங்கப்பா எனக்குச் சொன்னது. அது இப்ப இந்த அண்ணன் நெஞ்சில இருக்கு. எனக்குத் தரக்கூடாதா?"

"எனக்கும் புரியுதும்மா. சட்டத்துல அப்படி ஒரு இடம் இல்லை."

"எதுக்கு அவரைப் போட்டு வருத்துத?" பிலோமி கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "உள்ள என்ன இருந்தாலும் கூட வந்த படம் இருக்குல்லா? அதுலயே எல்லாம் தெரியுது. இந்தா பாருங்க சார்."

தாள் மேசையில் விரிக்கப்பட்டது. மனமடலோடு இணைப்பாக வந்த கோட்டுப் படம். வெல்டிங் வேலை செய்கிறவரின் கை, கோடுகள் நேராக இருந்தன. ஒரு சன்னல். சன்னலுக்குக் குறுக்கே நெருக்கமாக அடித்த பலகைகள். கீழே, எதிர்ச் சுவரோரம், நீளமாக ஒரு கட்டம்.

"அடைச்சுப் போடுங்கான். பின்கட்டு அறைச் சன்னலுக்குப் பலகை அடி, இந்த வீட்டுக்குள்ள எவளும் வரக்கூடாதுங்கான். மடலை வெறுமையா விட்டு, படத்தை மட்டும் வெச்சிருக்கான். இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிச் சொல்லுவான்? நானே ஆணி வாங்கிட்டு வந்து அடிச்சேன், அவன் சொன்னபடி."

பொன்சுயம்பு இருந்த இடத்திலிருந்தே படத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். இழுத்த சத்தத்தில் எல்லோருக்கும் பல் கூசியது.

"சார், ஒரு சந்தேகம். சட்டத்துல உள்ளுரைன்னுதான இருக்கு?"

"ஆமா."

"இணைப்பு?"

குணசீலன் ஹர்ஷிதாவைப் பார்த்தார்.

"இணைப்பு யாருக்கு வந்துச்சோ அவங்களுக்குச் சொந்தம்ங்க" என்றார் ஹர்ஷிதா வேகமாக. "ஒருவாசிப்புச் சட்டம் அதைத் தொடலை. யாருக்கும் காட்டலாம், யாரோடயும் பேசலாம். நான் அந்தப் பிரிவை நல்லாப் படிச்சிருக்கேன் சார். அதை வெச்சுத்தான் நிரல் எழுதினது."

குணசீலன் எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். "படத்தைப் பத்தி மட்டும். படத்துல கோடு போட்டு இருக்கறதை மட்டும். அவர் என்ன நினைச்சார், என்ன சொன்னார்னு ஒரு சொல் வந்தாலும் விசாரணையை நிறுத்திருவேன்."

"சரி சார்." பொன்சுயம்பு பிலோமியைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, இந்தச் சன்னல் எந்தப் பக்கம் பாத்தது?"

"கடல் பக்கம்."

"அது வழியா ஆள் வரமுடியுமா?"

"கம்பி போட்டிருக்கே. எப்படி வருவா?"

"ஆள் வராம இருக்கணும்னா வாசலைல்ல அடைக்கணும்?"

பிலோமி ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"கீழ இந்தக் கட்டம் என்னது?"

"பெட்டி. துணிப் பெட்டியா இருக்கும்."

"பெட்டின்னா ஒரு பக்கம் மட்டும் ஏன் உசரமா இருக்கு?"

பிலோமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் காத்திருந்தோம். ஹர்ஷிதா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பலமுறை பார்த்தவர்தான் பிலோமி. ஆனாலும் அதில் சன்னலை மட்டுமே பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"கட்டில்" என்றார்.

அமலோற்பவி அவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"கட்டில்தான். தலமாட்டுல தலையணை மேல தலையணை." பிலோமியின் விரல் அந்த உயரமான பக்கத்தைத் தடவியது. "எங்க வீட்டுல சாஞ்சு தூங்குறவ அவ ஒருத்திதான். மல்லாந்து படுத்தா மூச்சு ஏறாது அவளுக்கு. கடல்காத்து பட்டா விடிய விடிய இழுப்பா. நாங்க ஒருத்தரும் தூங்க முடியாது. இவன் எந்திச்சு உக்காந்து முதுகைத் தடவிக்கிட்டு இருப்பான்."

"கட்டில் அந்த அறையில எந்தச் சுவரோரம் கிடக்கு இப்ப?" என்று கேட்டார் பொன்சுயம்பு.

"சன்னலோரம்."

"படத்துல?"

"எதிர்ச் சுவரோரம். காத்துக்கு மறைவா."

பொன்சுயம்பு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "அவ்வளவுதான் சார். நான் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன்."

பிலோமி தாளை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி விரித்தார். "கிறுக்குப் பய" என்றார். "வாயைத் திறந்து… அட, அவன் திறந்துதான் இருக்கான்." பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "பலகை நல்லாத்தான் அடிச்சிருக்கேன். பொட்டுக் காத்து வராது" என்றார். காலி நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அமலோற்பவி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு கேள்வி அவளிடம் இருந்தது.

"அண்ணே, அப்பா அம்மா மேல கோவமாத்தான் இருந்தாங்களா? இல்ல, கோவம் போயிருச்சா?"

"அது உள்ளுரை" என்றார் குணசீலன்.

பொன்சுயம்புவின் முகத்தில் எதையாவது படித்துவிட முடியுமா என்று அவள் தேடினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய வலதுகால் மறுபடி ஆடத் தொடங்கியது.

மீதி அலுவல் சுருக்கமானது. எல்லாக் குடும்பங்களுக்கும் உடனே வருத்தம் தெரிவித்து மனமடல் அனுப்பச் சொன்னார் குணசீலன்.

"சார், அதுவும் அந்தப் படியைத் தாண்டித்தான் போகணும்ங்க" என்றார் ஹர்ஷிதா. "தலைமையகத்து உத்தரவு இல்லாம அதை நான் எடுக்க முடியாது. இப்ப அனுப்பினா வாரியத்துக்கிட்டருந்து இன்னொரு வெறுமடல்தான் போய் நிக்கும்."

"அப்ப போன்ல குறுஞ்செய்தி?"

"போன்லயா?" என்றார் பிலோமி. "எங்க தெருவுல ஒரு போனை வீடே பாக்கும். மருமகளுக்கு வெறுமடல் வந்த கதை மாமியாருக்குத் தெரியணுமா? கவர்ல போட்டு அனுப்புங்க சார். அவ அவ கதவைச் சாத்திட்டுப் படிச்சுக்கட்டும்."

கீழே இருப்பவர்களுக்கும் கடிதம்தான் வழி. மாதம் ஒருமுறை சாமான் இறக்கும் கூண்டில் காகிதம் போகத் தடையில்லை. இத்தனை வருடமாக யாரும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். அன்று மாலை கூண்டு இறங்குவதாக இருந்தது.

குணசீலன் வாசகம் சொன்னார். "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் மடல் சேவையில் ஏற்பட்ட குறைபாட்டுக்கு வாரியம் வருந்துகிறது."

உடன்குடியில் படித்தபோது எங்கள் தமிழாசிரியை கடிதம் எழுதச் சொல்லித் தந்ததில் ஒன்று எனக்குக் கைவழக்கமாகவே ஆகிவிட்டது. படிக்கிறவருக்கு எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுது. "சார், முதல் வரியை மாத்திக்கட்டுமா?" என்று கேட்டேன். "'உங்கள் வீட்டார் உங்களுக்கு வெறுமடல் அனுப்பவில்லை. அனுப்பியதை நாங்கள் வழியில் இழந்துவிட்டோம்.' இப்படி."

"'இழந்துவிட்டோம்'னா பொறுப்பு நம்ம மேல வருதே."

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் குணசீலன் கையை அசைத்து, "எழுதுங்க" என்றார்.

அச்செடுத்த கடிதங்களை நானும் ஹர்ஷிதாவும் உறைகளில் போட்டோம். அவர் முகவரிகளைச் சத்தமாகப் படிக்க நான் சரிபார்த்தேன். கீழே அனுப்புவதற்கான அடுக்கில் ஜெபசிங் பெயர் வந்தபோது அவர் ஒரு கணம் நிறுத்தி, உறையை ஒட்டாமல் என்னிடம் நீட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். எங்கள் வீட்டுக்கும் ஈஸ்டருக்குப் பிறகு வெறுமடல்கள்தான் வந்திருந்தன. பட்டையைக் கழற்றி ஒப்படைக்கக் கொண்டுவந்து, என் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். ஒப்படைக்க மனம் வரவில்லை. அச்சடித்த கடிதத்துக்குப் பின்பக்கம் இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன்.

பக்கத்து மேசையில் அமலோற்பவி அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். "மேடம், அப்பா மன்னிச்சிட்டாங்கன்னு எழுதிரட்டுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சதை எழுதும்மா."

அவள் எழுதியதை எனக்குக் காட்டினாள். 'அப்பா உன்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. பின்கட்டு அறையில் உன் கட்டிலுக்குக் காற்று படாமல் இருக்கச் சன்னலை அடைக்கச் சொல்லியிருக்கிறார். அடைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன்.'

பிலோமி தோளுக்கு மேலாக அதைப் படித்தார். "கட்டிலை எதிர்ச் சுவத்துக்கு நான் இன்னைக்கே தள்ளிப் போட்டுருதேன்னும் எழுது" என்றார்.

"எழுதிட்டேன் அத்தை."

"தலையணை ரெண்டு."

"அதையும் எழுதிட்டேன்."

அமலோற்பவி தாளை மடித்து உறைக்குள் போட்டு, மேலே இல்லத்தின் முகவரியை எழுதினாள். இடது மூலையில் அனுப்புநர் என்று எழுதித் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். பிலோமி பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"உன் கவரைப் பாத்தா மக கூப்பிடுதான்னு நெனப்பா. நான் இருக்கேன்னு வராம கிடந்துருவா." அமலோற்பவியின் பெயருக்கு மேலே, பெரிய எழுத்தில், பிலோமினா கொரைரா என்று எழுதினார். எழுதி முடித்து, உறையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தெரியுதா? கண்ணாடி இல்லாம அவளால படிக்க முடியுமா?"

"முடியும் அத்தை."

பிலோமி உறையின் பசையை நாக்கில் ஈரமாக்கி, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஓரம் வரை அழுத்தித் தேய்த்தார். தபாலும் கூண்டும் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது. அதை மேலேயும், ஜெபசிங்குக்கான என்னுடையதை அடியிலுமாக வைத்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.